‘மேரிஸ் பாய் சைல்ட்’: ஒரிஜினலையும் கவரையும் பக்கத்தில் வைத்துக் கேட்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் பிறந்தால் போதும், ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு தெருமுனை பாக்ஸில் டிஸ்கோ குழுவான போனி எம். ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டார் கட்டுகிற வீட்டிலும் அதுதான், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடையிலும் அதுதான். அதிலும் ‘மேரிஸ் பாய் சைல்ட்’ என்று ஆரம்பித்து ‘ஓ மை லார்ட்’ என்று விரிகிற அந்தப் பாட்டு, இங்கிலீஷ் அவ்வளவாக வராதவர்களுக்கும் மனப்பாடம். அது போனி எம்.மின் சொந்தப் பாட்டு என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது கவர், அதாவது இன்னொருவர் பாடின பாட்டை மறுபடி பாடிப் பதிவு செய்தது. 1978-இல் வந்த கவர். அதற்கு 22 வருடம் முன்பே, 1956-இல், அமெரிக்கப் பாடகர் ஹாரி பெலஃபோன்டே அதைப் பாடிப் பதிவு செய்துவிட்டார்.

இது தெரிந்தவுடன் கேரல் ஒத்திகையில் வழக்கமாக ஒரு வாக்குவாதம் கிளம்பும். பெரியவர்கள் ‘ஒரிஜினல் ஒரிஜினல்தான்’ என்பார்கள், கீபோர்டு வாசிக்கிற பசங்க ‘அண்ணா, அது தூங்க வைக்குது’ என்பார்கள். இரண்டு பேரும் பெரும்பாலும் இரண்டு பதிவையும் முழுசாகக் கேட்டிருக்க மாட்டார்கள். முதலில் வந்தது என்பதற்காக ஒரு பதிவு தானாக உயர்ந்துவிடாது. ஒரிஜினல் மாதிரியே இருக்கிறதா என்று பார்த்து ஒரு கவரை எடைபோடவும் முடியாது. கவர் பாடியவர் எதை எடுத்துவிட்டார், எடுத்த இடத்தில் எதை வைத்தார், வைத்தது அந்த இடத்தைத் தாங்குகிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும். அதை எப்படிக் காதால் கண்டுபிடிப்பது, அப்புறம் உங்கள் தெருவில் எதைப் பாடுவது என்பது வரைக்கும் இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு இந்த ஒரு பாட்டு. முறை எந்தக் கிறிஸ்துமஸ் பாட்டுக்கும் பொருந்தும்.

படி 1: ‘ஒரிஜினல்’ என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் தீர்மானியுங்கள்

இதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். ஒரு பாட்டுக்கு எழுதியவர் ஒருவர், முதலில் மேடையில் பாடியவர் இன்னொருவர், முதலில் பதிவு செய்தவர் வேறொருவர், உலகத்துக்குக் கொண்டுபோனவர் நாலாவது ஆள் என்று இருக்கலாம். ‘மேரிஸ் பாய் சைல்ட்’ பாட்டை எழுதியவர் ஜெஸ்டர் ஹேர்ஸ்டன். 1901-இல் பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கர், சேர்ந்திசைக் குழுக்களை நடத்தியவர், நடிகர். ஒரு பிறந்தநாள் விழாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மேற்கிந்தியத் தீவுக்காரர்கள் என்பதால் அவர்களுக்குப் பிடித்த கலிப்ஸோ என்கிற கரீபியன் தீவுத் தாளத்தில் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். அது பதிவாகவே இல்லை. பின்னால் வால்டர் ஷூமன் தன் ஹாலிவுட் பாடகர் குழுவுக்கு ஒரு புது கிறிஸ்துமஸ் பாட்டு கேட்டபோது, அந்தப் பழைய தாளத்தை ஞாபகம் வைத்து அதற்குப் புது வரிகள் எழுதிக் கொடுத்தார். அந்தக் குழு பாடியதைக் கேட்டுத்தான் பெலஃபோன்டே அனுமதி கேட்டு வாங்கிப் பாடினார்.

ஆக, நாம் ஒரிஜினல் என்று கையெடுத்துக் கும்பிடுகிற பதிவே, ஒருவர் எழுதி ஒரு குழு பாடிய பாட்டை மூன்றாவது ஆள் எடுத்துப் பாடியதுதான். அந்த மெட்டும் பிறந்தநாள் பாட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்தது. புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் கானா பாடுகிறவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது; தெரிந்த மெட்டில் புது வரி போட்டு, அந்த வரிதான் இனி அந்த மெட்டுக்குச் சொந்தம் என்று ஊரையே நம்பவைப்பது அவர்கள் தினமும் செய்கிற வேலை.

மற்ற பாட்டுகளில் இது இன்னும் சிக்கலாகும். ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டை இர்விங் பெர்லின் எழுத, பிங் கிராஸ்பி 1942 மே மாதம் பதிவு செய்தார். அந்த மூலப் பதிவிலிருந்து பிரதி எடுத்து எடுத்தே அது தேய்ந்துபோனதால், 1947 மார்ச்சில் அதே இசைக்குழு, அதே கோரஸை வைத்து மறுபடி பாடிப் பதிவு செய்தார்கள். இன்றைக்கு எங்கே கேட்டாலும் பெரும்பாலும் அந்த 1947 பதிவுதான். ‘ஜிங்கிள் பெல்ஸ்’ இன்னொரு கதை. 1857-இல் ஜேம்ஸ் பியர்பான்ட் அதை வேறு தலைப்பில் வெளியிட்டபோது அதன் கோரஸ் மெட்டு இன்று நாம் பாடுகிற மெட்டே கிடையாது. வரிகளில் கிறிஸ்துமஸ் என்ற பேச்சும் கிடையாது. ‘சைலன்ட் நைட்’ 1818 கிறிஸ்துமஸ் முந்தின இரவில் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் கோயிலில் இரண்டு குரலும் ஒரு கிட்டாரும் வைத்துப் பாடியது; பெரிய ஆர்கன் போட்டுப் பாடுவதெல்லாம் பின்னால் வந்தது. ‘பக்தரே வாரும்’ என்று நாம் உருகிப் பாடுவது லத்தீன் கீதம் ஒன்றின் தமிழ் வடிவம், அதை யாரும் கவர் என்று குறை சொல்வதில்லை.

அதனால் ஒரு நோட்டில் நாலு வரி எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்: எழுதியவர் யார், முதல் பதிவு எது, பிரபலமான பதிவு எது, உங்கள் தெருவுக்குத் தெரிந்த பதிவு எது. இந்தப் பாட்டுக்கு மூன்றாவது வரியில் இரண்டு பேர் வருவார்கள். பிரிட்டனில் 1957-இல் பெலஃபோன்டேவும் 1978-இல் போனி எம்.மும், இரண்டு பேருமே இதே பாட்டை வைத்துக் கிறிஸ்துமஸ் நேரத்தில் முதலிடம் பிடித்தார்கள், இரண்டு பதிவும் அங்கே பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஒரே கிறிஸ்துமஸ் பாட்டு இரண்டு வேறு குரல்களில் அந்த இடத்துக்குப் போவது சாதாரணம் இல்லை. ஒரிஜினலா கவரா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல பாட்டு கிடைக்காது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

படி 2: சரியான பதிவைத் தேடிப் பிடியுங்கள்

செயலியில் பாட்டுப் பெயரைத் தட்டினால் முதலில் வருவதை நம்பாதீர்கள். அங்கே காட்டுகிற வருடம் பாட்டு பதிவான வருடமாக இருக்கும் என்று உறுதி கிடையாது, பல நேரம் ஏதோ ஒரு தொகுப்பு ஆல்பம் வெளியான வருடம். பெலஃபோன்டேவுக்குக் குறும்பதிப்பு ஒன்று, நாலு நிமிடத்துக்கு மேல் போகிற முழுப்பதிப்பு ஒன்று என்று இரண்டு கிடைக்கும். ‘ஆன் ஈவ்னிங் வித் பெலஃபோன்டே’ ஆல்பத்தில் இருக்கிற முழுப்பதிப்பைத் தேடுங்கள். 1962-இல் மறுபடி வெளியான அவருடைய கிறிஸ்துமஸ் ஆல்பத்திலும் அந்த நீளமானது சேர்க்கப்பட்டது. சுருக்கியதைக் கேட்டுவிட்டு ‘என்ன, சட்டென்று முடிந்துவிட்டது’ என்று தீர்ப்புச் சொல்வது நியாயம் இல்லை.

போனி எம். விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். குழு பிரிந்த பிறகு அதன் உறுப்பினர்கள் தனித்தனியாகக் குழு வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடினார்கள், பழைய பாட்டுகளை மறுபடி பதிவும் செய்தார்கள், ரீமிக்ஸும் நிறைய வந்தது. பெயரில் போனி எம். இருக்கும், ஆனால் 1978-இல் கேட்ட சத்தம் அதில் இருக்காது. தலைப்பில் ‘ஓ மை லார்ட்’ சேர்ந்திருக்கிறதா, 1981-இல் வந்த அவர்களுடைய கிறிஸ்துமஸ் ஆல்பத்திலாவது இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்காக்ஸ் தளத்தில் பழைய இசைத்தட்டின் லேபிள் படமே கிடைக்கும், செகண்ட்ஹேண்ட்சாங்ஸ் தளத்தில் எந்தப் பாட்டை யார் யார் எப்போது பாடினார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். பத்து நிமிட வேலை. பர்மா பஜாரில் வாங்கின பழைய எம்பி3 சிடி வீட்டில் இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அதில் பாட்டுக்கும் பாடகருக்கும் சம்பந்தமே இல்லாமல் பெயர் போட்டிருப்பார்கள்.

இந்த இரண்டோடு அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் பதிவு ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1963-இல் வந்த ‘ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்’ ஆல்பத்தில் ‘மேரிஸ் லிட்டில் பாய் சைல்ட்’ என்று ‘லிட்டில்’ சேர்த்த தலைப்போடு இருக்கிறது. பெரம்பூர் ரயில்வே குடியிருப்புப் பக்கம் ஆங்கிலோ இந்திய வீடுகளில் வளர்ந்தவர்களைக் கேட்டால், கிறிஸ்துமஸ் என்றாலே ஜிம் ரீவ்ஸ் என்பார்கள். முடிந்தால் காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சன் பதிவும் வேண்டும், அதுவும் 1956-தான்.

படி 3: கேட்கிற வரிசை

தெரிந்த பதிவை முதலில் போடாதீர்கள். போனி எம்.மைச் சின்ன வயதிலிருந்து கேட்டவர்களுக்கு அது காதில் குடியிருக்கிறது, அதைப் போட்டுவிட்டு மற்றதைக் கேட்டால் எல்லாமே ‘பீட்ஸ் இல்லாத போனி எம்.’ ஆகத்தான் கேட்கும். முதலில் ஜிம் ரீவ்ஸ். அடுத்து பெலஃபோன்டே, முழுசாக. அப்புறம் மஹாலியா. கடைசியில்தான் போனி எம். இடையில் ஒரு டீ குடிக்கிற இடைவெளி விடுங்கள்.

கேட்கிற நேரமும் முக்கியம். பகலில் ஆட்டோ சத்தம், லாரி சத்தம், பக்கத்து வீட்டு சீரியல் எல்லாவற்றுக்கும் நடுவே பெலஃபோன்டே தோற்றுத்தான் போவார். தெரு அடங்கின பிறகு, வயர் வைத்த சாதாரண இயர்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாஸ் கிட்டார் முற்றிலும் காணாமல் போய்விடும், டிஸ்கோ பாட்டில் பாஸ் இல்லையென்றால் பாதிப் பாட்டு இல்லை.

படி 4: ஒரு தடவைக்கு ஒரு விஷயம்

ஒரே தடவையில் எல்லாவற்றையும் கேட்க முயன்றால் ‘இது நல்லா இருக்கு, அது சுமார்’ என்பதைத் தாண்டி ஒன்றும் தோன்றாது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று வரிகளுக்கு. வரிகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, யார் எந்தச் சொல்லை மாற்றியிருக்கிறார்கள் என்று அடிக்கோடு போடுங்கள். பெலஃபோன்டே ‘தே சீ’ என்று பாட வேண்டிய இடத்தில் ‘தெம் சீ’ என்று பாடுகிறார், பிள்ளை பெற இடம் கிடைக்கவில்லை என்கிற வரியையும் தீவு மக்கள் பேசுகிற இங்கிலீஷிலேயே பாடுகிறார். நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்து, சின்ன வயதில் சில வருடங்கள் ஜமைக்காவில் வளர்ந்தவர் அவர். அந்தப் பேச்சு வழக்கு வந்தவுடன் கதை பைபிள் பக்கத்திலிருந்து இறங்கி, ஒரு மீனவக் குப்பத்துப் பாட்டி பேரப் பிள்ளைகளுக்குச் சொல்கிற கதையாகிவிடுகிறது.

இப்போது போனி எம்.மைப் பாருங்கள். அதில் எல்லாமே ‘தே’ ஆகிவிட்டது, பள்ளிக்கூட இங்கிலீஷ். இதில் கவனிக்க ஒன்று உண்டு. முன்னணிக் குரலான லிஸ் மிச்செலும் மார்சியா பாரெட்டும் ஜமைக்காவில் பிறந்தவர்கள். மேஸி வில்லியம்ஸ் மான்ட்செராட்டைச் சேர்ந்தவர், பாபி ஃபாரெல் அருபாவைச் சேர்ந்தவர். அதாவது நாலு பேரும் கரீபியன் தீவுக்காரர்கள். அந்தப் பேச்சு வழக்கு யாருக்கு வீட்டு மொழியோ, அவர்கள் பாடும்போது அது மறைந்துவிட்டது. ஜெர்மனியில் இருந்த தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் உலகம் முழுவதும் விற்கிற ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார், அதற்கு எல்லா ஊருக்கும் புரிகிற சொற்கள் தேவைப்பட்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்ச் சின்னப் பிள்ளைகள் வரை அதைத் தடங்கல் இல்லாமல் பாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் எனக்கு அந்த ‘தெம்’ போனது பெரிய இழப்பு.

இரண்டாவது சுற்று தாளத்துக்கு. மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே கேளுங்கள். 15 நொடியில் எத்தனை தட்டு வருகிறது என்று எண்ணி நாலால் பெருக்கினால் டெம்போ கிடைக்கும், பாடுகிறவர்களுக்கு அந்த எண் பின்னால் தேவைப்படும். பெலஃபோன்டே பதிவில் கலிப்ஸோவின் அசைவு இருக்கிறது, ஆனால் மெதுவாக, கிட்டாரின் விரல் நுனியில் இருக்கிறது. குரலுக்குப் பின்னால் கோரஸ் தள்ளி நின்று பாடுகிறது. போனி எம்.மில் ஆரம்பத்தில் குரல்கள் மட்டும் மெதுவாக எழும்பி, அப்புறம் டிரம் உள்ளே வருகிறது. அது நுழைந்த பிறகு பாட்டு நிற்பதே இல்லை.

இங்கேதான் ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கச் சொல்வேன். யோசேப்பும் மரியாளும் பெத்லகேமுக்கு வருகிறார்கள், தங்க ஒரு அறை கூடக் கண்ணில் படவில்லை என்கிற வரி. பெலஃபோன்டே அதைப் பாடும்போது அந்தக் குடும்பம் நிஜமாகவே தெருவில் நிற்கிறது. போனி எம்.மில் அந்த வரிக்கும் அடியில் அதே டிஸ்கோ உதை ஓடிக்கொண்டே இருக்கிறது, வருத்தப்பட நேரமே தராமல் கோரஸுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடி ஒத்திகையில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். பீட்ஸோடு பாடியபோது அந்த வரிக்கும் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கீபோர்டு தம்பியிடம் சொல்லி அந்த ஒரு சரணத்துக்கு மட்டும் ரிதம் பட்டனை அமுக்கி நிறுத்தச் சொன்னோம். யாரும் சொல்லாமலே கைதட்டல் நின்றது. சோப்ரானோ வரிசையில் இருந்த ஒரு அக்கா தாளைக் கீழே இறக்கிவிட்டு அந்த வரியைப் பாடினார், குரல் வேறு மாதிரி வந்தது. வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் யாருக்கும் அந்த வரி சாதாரணமாகப் போகாது.

மூன்றாவது சுற்று குரலுக்கு. பெலஃபோன்டே கதை சொல்கிறார், ஒரே ஆள். ஜிம் ரீவ்ஸ் மைக்குக்கு ரொம்பக் கிட்ட நின்று, வீட்டு ஹாலில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி பாடுகிறார். அதில் தீவும் இல்லை, டிஸ்கோவும் இல்லை, சாப்பாட்டு மேஜைக்கு அவர்தான் சரி. மஹாலியா பாடும்போது கோயிலில் சாட்சி சொல்கிற குரல் வந்துவிடுகிறது. போனி எம்.மில் பெண் குரல்கள்தான் பாட்டைத் தூக்குகின்றன. ஆண் குரல் வரும் இடங்களில் அது மேடையில் ஆடிக்கொண்டிருந்த பாபி ஃபாரெல் பாடியது என்று நினைக்காதீர்கள். அந்தக் குழுவின் பதிவுகளில் ஆண் குரல் ஃபாரியனுடையது. மேஸி வில்லியம்ஸும் ஸ்டுடியோவில் பாடவில்லை. மேடையில் பார்த்த நாலு பேரில் பதிவில் கேட்பது இரண்டு பேர்தான். இது தெரிந்த பிறகும் லிஸ் மிச்செலின் குரல் மீது எனக்கு இருக்கிற மரியாதை கொஞ்சமும் குறையவில்லை, கூடியிருக்கிறது.

நாலாவது சுற்று, கவரில் புதிதாகச் சேர்ந்தது எது என்பதற்கு. நிறையப் பேர் கவனிக்காத இடம் இது. ‘ஓ மை லார்ட்’ பகுதி ஹேர்ஸ்டன் எழுதியது கிடையாது. ஃபாரியனும் ஃபிரெட் ஜேயும் சேர்ந்து எழுதி ஒட்டியது. ஒரிஜினல் முழுக்கக் கதை: வெகு காலத்துக்கு முன்பு பெத்லகேமில் இப்படி நடந்தது, மேய்ப்பர்கள் நட்சத்திரத்தைப் பார்த்தார்கள், தூதர்கள் பாடினார்கள். ஒட்டிய பகுதியில் பாட்டு கதையை விட்டுவிட்டு நேராக ஆண்டவரைப் பார்த்து, உம்முடைய மகனை அனுப்பினீரே என்று பேச ஆரம்பிக்கிறது. கதை ஜெபமாகிவிடுகிறது. நம் பக்கத்துக் கோயில்களில், சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்தே என்று எந்த வேறுபாடும் இல்லாமல், ஒரு டிஸ்கோ பாட்டை இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டதற்கு இந்த ஒட்டுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். கேட்கிறவரும் பாடுகிறவராக மாறுகிற இடம் அது. சரணத்தில் எடுத்துவிட்ட வருத்தத்துக்குப் பதிலாக இதை வைத்திருக்கிறார்கள், இது தாங்குகிறது.

ஐந்தாவதாக முடிவை மட்டும் ஒரு தடவை கேளுங்கள்: பாட்டு நிற்கிறதா, மெல்லத் தேய்ந்து மறைகிறதா என்று. மேடையில் பாடும்போது தேய்ந்து மறைய முடியாது, அதனால் எங்கே நிறுத்துவது என்று இப்போதே குறித்து வையுங்கள்.

இதே முறையை வேறு பாட்டுக்கு வைத்தால் விடை வேறாகவும் வரும். ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் வேம்! என்ற இரட்டையர் குழுவின் பெயரில் வந்தாலும் ஜார்ஜ் மைக்கேலே எழுதி, பாடி, வாசித்து, தயாரித்தது. அந்த டிரம் மெஷினும் சிந்தசைசரும்தான் அந்தப் பாட்டின் உடம்பே. அவற்றை எடுத்துவிட்டு வெறும் கிட்டாரில் பாடுகிற கவர்கள் பலவும் எனக்குப் பாதிப் பாட்டாகத்தான் கேட்கின்றன. அங்கே நான் ஒரிஜினல் பக்கம், யோசிக்காமல்.

படி 5: எந்த இடத்துக்கு எந்தப் பதிவு

இயர்போனில் ஜெயித்தது தெருவில் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. குழாய் ஸ்பீக்கர் கட்டிப் போனி எம். போட்டால் மூன்று தெரு தள்ளி நிற்பவருக்கும் கோரஸும் கைதட்டுகிற தாளமும் போய்ச் சேரும், வரிகள் போகாது. போக வேண்டிய அவசியமும் இல்லை, வரி எல்லோருக்கும் தெரியும். பெலஃபோன்டேவை அதே ஸ்பீக்கரில் போட்டால் காசிமேட்டு ஐஸ் வண்டிச் சத்தத்தில் கரைந்துவிடும். தெருவுக்கும் ஸ்டார் கட்டுகிற மாலைக்கும் போனி எம்., அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்களுக்கு இரவு 10 மணி என்று ஒரு கோடு இருக்கிறது. அதற்கு மேல் ஒலிபெருக்கி வைப்பதற்குச் சட்டப்படி தடை, காலை 6 மணி வரை. நாம் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்வதே அதற்குப் பிறகுதான். குழந்தை தூங்குகிற வீடு, படியேறின உடனே ஹால், ஹாலிலேயே குடில், நாலு பேர் நிற்கத்தான் இடம். அங்கே ஒரு கிட்டாரும் மூன்று குரலும் போதும், அங்கே பெலஃபோன்டே முறைதான் சரிவரும். உடம்பு முடியாத பெரியவர்கள் இருக்கிற வீட்டிலும் அப்படித்தான். மேய்ப்பர் சரணம், அறை கிடைக்காத சரணம் இரண்டையும் மெதுவாகப் பாடிவிட்டு வாருங்கள்.

படி 6: நீங்களே பாடுவதென்றால்

இரண்டு பதிவையும் கேட்ட பிறகு எங்கள் பக்கத்துக் குழுக்களுக்கு நான் சொல்வது ஒரே ஏற்பாடுதான்: சரணம் பெலஃபோன்டேவிடமிருந்து, கோரஸ் போனி எம்.மிடமிருந்து. சரணங்களுக்கு கிட்டார் மட்டும், பாடுகிறவர் ஒருவர், மற்றவர்கள் வாய் மூடி ஹம்மிங். கோரஸில் எல்லோரும், டாம்போரினும் சேர்ந்து. அறை கிடைக்காத சரணத்துக்கு ரிதம் கிடையவே கிடையாது. ‘ஓ மை லார்ட்’ வரும்போது முழு பீட்ஸ்.

டெம்போவை ஒரே எண்ணில் வைத்துக்கொண்டு வாத்தியத்தை மட்டும் கூட்டிக் குறையுங்கள். சரணத்துக்கு ஒரு வேகம் கோரஸுக்கு ஒரு வேகம் என்று போனால் கீபோர்டு ஒரு பக்கம், குழு ஒரு பக்கம் போய்விடும். ஸ்கேலை முன்னணி பாடகரின் குரலுக்கு வையுங்கள், பதிவின் ஸ்கேலுக்கு வைக்காதீர்கள். பெலஃபோன்டே பாடுகிற சுருதியில் பாட நம் தெருவில் யாருக்கும் கடமை இல்லை, கீபோர்டில் டிரான்ஸ்போஸ் இருக்கிறது. கீபோர்டின் ஸ்டைல் பட்டியலில் டிஸ்கோவை மட்டும் தேடாமல் லத்தீன் பிரிவுக்குள்ளும் போய்ப் பாருங்கள், கலிப்ஸோ பெயரிலோ அதற்கு நெருக்கமாகவோ ஒன்று கிடைக்கலாம். யூடியூபில் கிடைக்கிற மைனஸ் ட்ராக் (குரல் இல்லாத பின்னணி இசை) பெரும்பாலும் போனி எம். அமைப்பைப் பின்பற்றியது, அதைப் போட்டால் சரணத்தில் நீங்கள் நிறுத்த நினைக்கிற இடத்தில் நிறுத்த முடியாது.

தமிழில் பாட ஆசைப்பட்டால் வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள். நீளமாக இழுக்கிற சுரங்களில் நெடில் விழ வேண்டும், ஓடுகிற சுரங்களில் குறில். அதை முதலில் ‘லாலா’ போட்டுப் பாடி எங்கே இழுக்கிறது என்று குறித்துவிட்டு, அப்புறம் சொல் தேடுங்கள். கானா எழுதத் தெரிந்த ஒரு தம்பி குழுவில் இருந்தால் வேலையை அவனிடம் கொடுத்துவிடலாம், மெட்டுக்குச் சொல் வைப்பதில் அவனுக்கு மிஞ்சி யாரும் கிடையாது.

படி 7: பதிவேற்றுவதற்கு முன்

பாட்டுக்கு ஒரு உரிமை, பதிவுக்கு ஒரு உரிமை என்று இரண்டும் தனித்தனி. ஹேர்ஸ்டன் இறந்தது 2000-இல், எழுதியவர் இறந்து 60 வருடம் வரை பாட்டுக்கு இந்தியாவில் பதிப்புரிமை உண்டு. கோயில் ஆராதனையில் பாடுவதில் பிரச்சினை இல்லை, உண்மையான மதச் சடங்கின்போது பாடுவது மீறல் ஆகாது என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதையே வீடியோ எடுத்து யூடியூபில் போட்டால் அது வேறு விஷயம், அனுமதி பற்றி யோசிக்க வேண்டும். அடுத்தவர் பதிவையே பின்னணியில் ஓடவிட்டு மேலே பாடினால் யூடியூபின் தானியங்கிப் பதிப்புரிமைச் சோதனையான கன்டென்ட் ஐடி பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

விவரப் பகுதியில் ‘ஒரிஜினல்: போனி எம்.’ என்று மட்டும் போடாதீர்கள். பாடல்: ஜெஸ்டர் ஹேர்ஸ்டன். ‘ஓ மை லார்ட்’ பாடினீர்கள் என்றால் அந்தப் பகுதிக்கு ஃபிராங்க் ஃபாரியன், ஃபிரெட் ஜே. எந்தப் பதிவுகளைக் கேட்டு அமைத்தீர்களோ அவற்றுக்கு ஹாரி பெலஃபோன்டே 1956, போனி எம். 1978. அதற்குக் கீழே கிட்டார், கீபோர்டு, டாம்போரின் யார் வாசித்தார்கள் என்று உங்கள் குழுவினர் பெயர்களையும், அவர்களுக்குச் சம்மதம் என்றால், எழுதுங்கள்.